இருட்டுக் குகையில் வௌவாலுக்கு மணி சொல்வது யார்? மதுரை ஆய்வகம் கண்ட பதிலும், போடி மலைச்சரிவில் காத்திருக்கும் கேள்விகளும்

போடிநாயக்கனூரில் சாயங்காலம் என்றால் ஜீப் இறங்கும் நேரம். விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஏலத்தோட்ட வேலைக்கு மேலே ஏறிய ஆட்கள், போடிமெட்டு வளைவுகளில் ஒவ்வொரு ஜீப்பாகக் கீழே வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வீடு சேர்ந்து இருட்டு கவியும்போது இன்னொரு கூட்டம் வேலைக்குக் கிளம்பும். பாறை இடுக்கு, பாழடைந்த கட்டடம், குகை என்று பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிய வௌவால்கள், சொல்லி வைத்தாற்போல ஒரே நேரத்தில் வெளியே பறக்கும். ஜீப் டிரைவரிடம் செல்போன் இருக்கிறது, மணி பார்த்துக்கொள்வார். வௌவாலிடம் என்ன இருக்கிறது?

'சூரியன் மறைவதைப் பார்த்துக் கிளம்புகிறது, இதுல என்ன அதிசயம்' என்று கேட்கலாம். குகை வாசலில் தொங்கும் வௌவாலுக்கு அது சரி. ஆனால், வெளிச்சமே எட்டாத கடைசி மூலையில், தன் இறக்கையே தனக்குத் தெரியாத இருட்டில் தொங்கும் வௌவாலுக்கு 'வெளியே பொழுது சாய்ந்துவிட்டது' என்று யார் போய்ச் சொன்னது?

இந்தக் கேள்விக்கான பதில் வெளிநாட்டு ஆய்வகம் எதிலும் கிடைக்கவில்லை. போடிமெட்டிலிருந்து இறங்கி தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில், நகரத்துக்குச் சற்று முன்னால் மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகம் வருகிறதே, அங்கே கிடைத்தது. அங்கிருந்த ஒரு துறையின் பெயர் 'விலங்கு நடத்தை மற்றும் உடலியங்கியல் துறை'.

நடத்தையும் உடலியங்கியலும் ஏன் ஒரே கூரையின் கீழ்?

கல்லூரி விலங்கியல் பாடத்திட்டத்தைப் புரட்டினால் இரண்டும் தனித்தனி தாள்களாக இருக்கும். உடலியங்கியல் என்றால் இதயம், சிறுநீரகம், நரம்பு என்று உடலுக்குள் நடக்கும் வேலைகள். நடத்தை என்றால் கூடு கட்டுவது, இரை தேடுவது, இணை சேர்வது என்று கண்ணுக்குத் தெரியும் செயல்கள். ஒன்றுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். இன்னொன்று பெரும்பாலும் பருவத்தின் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நடத்தி முடிக்கப்படும்.

ஆனால் விலங்குக்கு இந்தப் பிரிவினை தெரியாது. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் தெருநாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பது நடத்தையா, உடலைக் குளிர்விக்கும் உடலியங்கியல் வேலையா? இரண்டும்தான். நிழல் தேடிப் போய்ப் படுப்பதும் அதே வேலையின் மறுபாதி.

இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாதபடி முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதுதான் உயிர்க்கடிகாரம். 1729-இல் ஜான் ஜாக் டி மெய்ரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைப் பார்க்காமலேயே அது பகலில் இலையை விரித்தது, இரவில் மூடியது. அதாவது வெளிச்சத்துக்குப் பதில் சொல்லும் வேலை மட்டும் அங்கே நடக்கவில்லை. உள்ளுக்குள் ஏதோ ஒன்று மணி எண்ணிக்கொண்டிருந்தது.

ஆனால் உள்ளே ஓடும் அந்தக் கடிகாரம் துல்லியமாக 24 மணி நேரம் காட்டுவதில்லை. சில உயிர்களுக்குக் கொஞ்சம் முந்தும், சிலவற்றுக்குக் கொஞ்சம் பிந்தும். தினமும் சரிசெய்தாக வேண்டும். ஆகாசவாணி செய்தி தொடங்கும்போது சுவர்க்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைத்த தலைமுறைக்கு இது எளிதில் புரியும். கடிகாரம் வீட்டில் ஓடுகிறது, ஆனால் சரியான நேரம் வெளியிலிருந்து வருகிறது. பெரும்பாலான உயிர்களுக்கு அந்த 'ஆகாசவாணி' சூரியன். சூரியனே தெரியாத இடத்தில் வாழ்ந்தால்?

குகைக்குள் நடந்த சோதனை

மதுரையில் இந்தத் துறையை வழிநடத்தியவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் பியூனிங்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அங்கே அவர் ஆராய்ந்தது பழ ஈக்களை. மதுரைக்கு வந்த பிறகு, சுற்றியிருந்த குன்றுகளும் குகைகளும் அவருக்கு வேறொரு விலங்கைக் காட்டின. இதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய திருப்பம். ஜெர்மனியில் செய்ததையே இங்கே இரண்டாம் தரமாகச் செய்துகொண்டிருக்காமல், ஜெர்மனியில் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அந்த விலங்கு, ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ் என்ற சிறிய இலைமூக்கு வௌவால். பூச்சி தின்னி. குகைகளில் கூட்டமாகத் தங்கும். சந்திரசேகரன், அவருடைய மாணவர் ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன் ஆகியோர் செய்த சோதனை 1981-இல் வெளியானது. கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும்.

ஒரு வௌவாலைப் பிடித்துக் கூண்டில் வைத்து, குகையின் ஆழத்தில், நிரந்தர இருட்டில் விட்டார்கள். அங்கே வெளிச்சம் கிடையாது. வெப்பநிலையிலும் பெரிய மாற்றம் இருக்காது. அது எந்த நேரத்தில் சுறுசுறுப்பாகிறது, எந்த நேரத்தில் ஓய்கிறது என்று நாள்கணக்கில் பதிவு செய்தார்கள். கூண்டைச் சுற்றிலும் அதே இனத்தைச் சேர்ந்த வௌவால்கள் சுதந்திரமாக வாழ்ந்தன. சாயங்காலம் வெளியே போயின, திரும்பி வந்தன. கூண்டுக்குள் இருந்த வௌவாலின் கடிகாரம் தடம் புரளவில்லை. கூட்டம் கிளம்பும் நேரத்தில் அதுவும் படபடத்தது. நாள்தோறும், 24 மணிக்கு ஒருமுறை.

அடுத்தது, இன்னொரு வௌவாலை அதேபோல, ஆனால் சொந்த இனத்துக் கூட்டம் இல்லாத குகையில் வைத்தார்கள். அதன் கடிகாரம் மெல்ல நழுவியது. ஒவ்வொரு நாளும் வெளியுலகத்தின் மாலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது.

ஆக, ஆழ்குகையில் மணி சொல்வது சூரியன் கிடையாது. பக்கத்தில் தொங்கும் சொந்தக்காரன்.

வாசலருகே உள்ளவை மாலையில் அவ்வப்போது வெளியே எட்டிப் பறந்து வெளிச்சத்தை அளந்து பார்க்கும். அவற்றின் இறக்கைச் சத்தமும் குரலும் உள்ளே இருப்பவற்றுக்குச் சேதியாகிறது. கல்யாண வீட்டில் முன்வரிசை எழுந்தால் பந்திக்கு நேரமாகிவிட்டது என்று பின்வரிசைக்குத் தெரிவது மாதிரி.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக மட்டும் இருந்திருக்கும். அறிவியலாக்கியது அடுத்து வந்த கேள்விகள். 'சும்மா ஏதோ சத்தம் கேட்டாலே போதுமா, இல்லை சொந்த இனத்தின் சத்தம்தான் வேண்டுமா?' வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை இலைமூக்கு வௌவால்களின் நடுவே வைத்துப் பார்த்தார்கள். வெளியான முடிவு: பக்கத்தில் அத்தனை ஆரவாரம் நடந்தும் அதன் கடிகாரம் சரிசெய்யப்படவில்லை. அடுத்த வீட்டு ரேடியோ அதற்குப் புரியாத மொழியில் பாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். குகைக்குள் தொடர்ந்து வெளிச்சம் இருந்தால் என்ன ஆகும் என்பதும் சோதிக்கப்பட்டது. அப்போது இந்தச் சமூக ஒத்திசைவு கலைந்துபோனது என்று 1983-இல் எழுதினார்கள்.

வெளிச்சம் எவ்வளவு இருந்தால் வௌவாலின் கடிகாரம் அசையும்? டி. ஜோஷியும் சந்திரசேகரனும் கண்டது இன்னும் ஆச்சரியம். நட்சத்திர வெளிச்சத்தைவிட மங்கலான 'பகல்' போதும் என்றது 1982 கட்டுரை. பிரகாசமான ஒளியாக இருந்தால் 0.5 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மின்னினாலே போதும் என்றது 1984 கட்டுரை. சந்திரசேகரனுக்கு 1979-லேயே சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்திருந்தது. மதுரையின் பெயர் உலக உயிர்க்கடிகார ஆய்வாளர்களிடையே நிலைத்தது வௌவால்களால்தான்.

வயல் சுண்டெலியின் தாய்

வௌவாலோடு முடியவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள வயல்வரப்புகளில் வளை தோண்டி வாழும் சின்னஞ்சிறு சுண்டெலி ஒன்று உண்டு. மஸ் பூடுகா என்பது அதன் அறிவியல் பெயர். கண் திறக்காத குட்டிகள் வளைக்குள் இருட்டில் கிடக்கும். அவற்றுக்கு எது பகல், எது இரவு?

என். விஸ்வநாதனும் சந்திரசேகரனும் தாயை முறை வைத்துக் கூட்டில் விட்டார்கள், எடுத்தார்கள். குறிப்பிட்ட மணி நேரம் தாய் இருக்கும், குறிப்பிட்ட மணி நேரம் இருக்காது. இதைத் தினமும் தவறாமல் செய்தார்கள். குட்டிகளின் கடிகாரம் அந்த முறைக்கேற்ப ஓடத் தொடங்கியது. தாயின் வரவே அவற்றுக்குக் கால அட்டவணை. 1985-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இடம்பிடிக்கத் தவம் கிடக்கும் இதழ் அது. சோதனையின் அடிப்படைக்குத் தேவைப்பட்டதோ எலிகள், கூண்டுகள், நேரம் தவறாத மனிதர்கள்.

மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. ஜன்னல் இல்லாத, கடிகாரம் இல்லாத, வெளிச்சத்தம் நுழையாத தனியறையில் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் தங்கி, எப்போது தூங்குகிறார்கள், எப்போது எழுகிறார்கள் என்று பதிவு செய்யும் வசதியும் அதே வளாகத்தில் இருந்தது. அப்படித் தங்கிய பெண் ஒருவரிடம், தூக்கம்-விழிப்பு தாளமும் மாதவிடாய்ச் சுழற்சியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கவில்லை என்று 1991-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

2017-இல் உயிர்க்கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக அமெரிக்கர்கள் மூவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தபோது, நைட் ஷிஃப்ட், தூக்கமின்மை, ஜெட்லாக் என்று தமிழிலும் நிறைய எழுதப்பட்டது. மதுரைக் குகை அந்தக் கட்டுரைகளில் அரிதாகவே எட்டிப் பார்த்தது.

கத்தி போன ஆய்வகம்

மேலே சொன்ன குகைச் சோதனையிலும் சுண்டெலிச் சோதனையிலும் ஒரு பொது அம்சம் உண்டு. எதிலும் கத்தி இல்லை. விலங்கின் உள்ளே ஓடும் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ள, விலங்கின் வெளியே தெரியும் அசைவு போதுமானதாக இருந்தது. (கூண்டில் தனியாகக் கிடந்த வௌவாலுக்கு அது இனிமையான காலம் என்று யாரும் சொல்ல முடியாது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.)

இது இன்றைய கல்லூரி மாணவர்களுக்கு ஏன் முக்கியம்? ஒரு தலைமுறைக்கு முன்புவரை விலங்கியல் ஆய்வகம் என்றாலே ஃபார்மலின் நெடி, மெழுகுத் தட்டு, அதில் குண்டூசி குத்திப் படுக்க வைத்த தவளை அல்லது கரப்பான். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் இதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014-இல் விலங்கியல், உயிர் அறிவியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் குளத்திலிருந்தும் வயலிலிருந்தும் அள்ளிவரப்பட்ட தவளைகளுக்கு இது நல்ல சேதி.

அந்த இடத்தில் என்ன வந்தது என்பதுதான் பிரச்சினை. பல இடங்களில் சுவர்ப்படமும், பிளாஸ்டிக் மாதிரியும், திரையில் தவளையை 'அறுக்கும்' மென்பொருளும் வந்தன. 'கையால் தொடாமல் என்ன விலங்கியல்?' என்ற பழைய ஆசிரியர்களின் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அறுத்த காலத்திலும், தவளையின் இரைப்பையை அடையாளம் காட்டிய மாணவருக்கு அந்தத் தவளை இரவில் எங்கே இரை தேடுகிறது என்று தெரிந்திருக்கவில்லை. இறந்த உடலைப் படிப்பது போனது. உயிருள்ள உடலைப் படிக்கும் பழக்கம் அதன் இடத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இது பல்கலைக்கழகத்தால் மட்டும் முடிகிற காரியமா? இல்லை. பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியின் ஜே. பாலசிங் குழுவினர், அமெரிக்க வௌவால் ஆய்வாளர் தாமஸ் குன்ஸோடு சேர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். நம் ஊர்த் தோட்டங்களில் கொய்யாவையும் வாழைப்பூவையும் தேடி வரும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலை அவர்கள் கவனித்தார்கள். ஆண் வௌவால் கொடித் தண்டுகளையும் நெட்டிலிங்க மரத்தின் இலைகளையும் கடித்துக் கடித்து, உள்ளே தொங்க வசதியாக ஒரு கூடாரம் அமைக்கிறது. பெண்கள் அங்கே வந்து தங்குகின்றன. வீடு கட்டினால்தான் கல்யாணம் என்பது அங்கேயும் உண்டு போல. கல்லூரி வாசலில் நிற்கும் நெட்டிலிங்கத்தை எத்தனை பேர் இந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள்?

சரி, போடியில் என்ன செய்யலாம்?

போடியில் ஏலத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் பெயரிலேயே கல்லூரி இருக்கிறது. ஊர் மக்களுக்கு சி.பி.ஏ. கல்லூரி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி அது. இதுபோன்ற மலையடிவாரக் கல்லூரிகளுக்கு இயற்கை இலவசமாகக் கொடுத்திருக்கும் கருவி ஒன்று உண்டு. அதுதான் அந்த மலை ரோடு.

போடி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை பொதுவாக ஆறு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும். ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் ஆறு டிகிரி! ஏ.சி. வைத்த ஆய்வகத்தில் இதைச் செய்ய எவ்வளவு செலவாகும்?

இதை வைத்து என்ன அளப்பது என்பதற்கு ஒரு வானியலாளர் வழி காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் வானோக்ககத்தில் இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்த ஹார்லோ ஷேப்லி, பகலில் சுவரோரம் வரிசையாகப் போகும் எறும்புகளைப் பார்த்தார். ஸ்டாப் வாட்ச்சை எடுத்து, குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். வெயில் ஏற ஏற எறும்பின் வேகம் ஏறியது. கடைசியில் எறும்பின் வேகத்தை வைத்தே வெப்பநிலையை ஏறக்குறைய ஒரு டிகிரி பிசகில் சொல்ல முடிந்தது. 1920-இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். பூச்சியின் உடல் சூடு வெளிச்சூட்டோடு சேர்ந்து மாறும், தசை வேலை செய்யும் வேகமும் அதோடு மாறும் என்ற உடலியங்கியல் பாடம், எறும்பின் நடையில் தெரிந்துவிட்டது. போடியிலும் போடிமெட்டிலும் ஒரே வகை எறும்பைக் கண்டுபிடித்து இதே அளவை எடுத்துப் பார்க்கலாம். தேவை: ஒரு ஸ்கேல், ஒரு வெப்பமானி, ஒரு செல்போன்.

ஜிலேபி மீன் நீந்தும் தொட்டியும் அப்படித்தான். நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் மூடி திறந்து மூடுகிறது என்று காலையிலும் உச்சி வெயிலிலும் எண்ணினாலே சுவாசத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு பிடிபடும். தண்ணீரைச் சூடாக்கி மீனைத் தவிக்கவிட வேண்டியதில்லை, போடி வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஆனால் இந்த மலைக்கே உரிய பாடம் ஏலச்செடியின் அடியில் இருக்கிறது. ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையை ஒட்டி ஓடும் சரத்தில் பூத்து, அங்கேயே காய் பிடிக்கும். வெள்ளை இதழில் ஊதா வரி போட்ட அந்தப் பூ அதிகாலையில் விரியும். அதன் ஆயுள் ஒரே நாள். அன்றைக்குத் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பூ உதிரும், காய் கிடையாது. கிலோவுக்கு என்ன விலை போகும் என்று ஏல மையத்தில் பேசப்படும் ஒவ்வொரு காயும், ஏதோ ஒரு காலையில் ஒரு தேனீ வந்துபோனதன் விளைவு.

எந்தத் தேனீ? தோட்டத்தில் மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ. காட்டில் தானாக வளரும் ஏலத்துக்கோ வேறு விருந்தாளிகள். கிபி குரியகோஸ், பி.ஏ. சினு, கே.ஆர். சிவண்ணா ஆகியோர் 2009-இல் 'அனல்ஸ் ஆஃப் பாட்டனி' இதழில் எழுதிய ஆய்வின்படி, காட்டு ஏலத்தில் மகரந்தம் சேர்த்தவை தனித்து வாழும் நீலப்பட்டைத் தேனீ வகைகளும் இலைவெட்டித் தேனீயும். காட்டுச் செடியில் பூக்கள் கொஞ்சமாக இருக்கும். மனிதன் பயிராக்கிக் கொத்துக் கொத்தாகப் பூக்க வைத்ததும் கூட்டமாக வாழும் தேனீக்கள் வந்து வேலையை எடுத்துக்கொண்டன. ஒரு செடியை வளர்க்கத் தொடங்கியதில் ஒரு விலங்கின் தொழிலே கைமாறிவிட்டது.

இங்கேயும் கடிகாரம் வருகிறது. தினமும் ஒரே நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் தேனீ அந்த நேரத்தை ஞாபகம் வைத்து வரும் என்று 1929-இலேயே காட்டினார் இங்கபோர்க் பெலிங். தேனீ நடனத்துக்காகப் பின்னாளில் நோபல் வாங்கிய கார்ல் வான் ஃபிரிஷின் மாணவி அவர். அப்படியானால், தேனீக்கு நேரம் தெரியும் என்பது தோட்டக்காரருக்கும் காசு சம்பந்தப்பட்ட விஷயம். காலை எத்தனை மணிக்கு ஏலப்பூவில் தேனீ அதிகம், எத்தனை மணிக்கு ஓய்கிறது என்று ஒரு தோட்டத்தில் எண்ணி வைத்திருந்தால், மருந்தடிக்கக் கூடாத நேரம் எது என்பதற்கு அந்தத் தோட்டத்துக்கே சொந்தமான பதில் கிடைத்துவிடும். அதை எண்ண ஒரு கல்லூரி வகுப்பு போதும்.

எண்ணுவதற்கும் முறை இருக்கிறது. 'நிறைய வந்தது', 'கொஞ்சம் வந்தது' என்பதெல்லாம் குறிப்பில் செல்லாது. முதலில் அந்த விலங்கு செய்யும் செயல்களுக்கு ஒரு பட்டியல் போட வேண்டும்: உட்கார்ந்தது, தேன் குடித்தது, மகரந்தம் தொட்டது, தொடாமல் போனது. பிறகு குறிப்பிட்ட பூக்களை, குறிப்பிட்ட நிமிடங்கள், இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணில் பளிச்சென்று படுவதை மட்டும் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும் என்பதை, பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். நடத்தை ஆய்வாளர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தவறான பெயரில் 24 வருடம்

பார்க்காமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதற்கும் இதே மலைத்தொடரில் சாட்சி இருக்கிறது. போடிக்குத் தெற்கே, சின்னமனூர் தாண்டி ஏறினால் மேகமலை. ஆங்கிலேயர் காலத்தில் 'ஹை வேவி' மலை. 1948-இல் அங்கே ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போய், சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்ற பெயரில் அலமாரியில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தபோது, இது புதிய இனம் மட்டுமில்லை, புதிய பேரினமே என்று தெரிந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் நினைவாக 'லாட்டிடென்ஸ் சாலிமலி' என்று பெயர் வைத்தார்.

பெயர் கிடைத்தது, விலங்கைக் காணோம். 1993-இல்தான் மேகமலையில் அது உயிரோடு மறுபடி பதிவானது. காபி, ஏலத் தோட்டங்கள் ஊடாடும் சோலைக்காடுகளில், குகைகளில் தங்கி, காட்டுப் பழங்களைத் தின்று வாழும் வௌவால் அது. உலகத்தில் வேறெங்கும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். 2003-இல் என். சிங்காரவேலன், மாரிமுத்து ஆகியோர் இதன் குகைக் கூட்டம் ஒன்றைக் கண்டறிந்து எழுதினார்கள். ஆம், அதே மதுரைத் துறைதான்.

அந்த வௌவாலுக்கு வனவிலங்குச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பு கிடைத்தது. மற்ற பழந்தின்னி வௌவால்களோ நீண்ட காலம் எலி, காக்கையோடு சேர்த்து 'தீங்குயிரி' பட்டியலில் கிடந்தன. 'பழத்தை நாசம் செய்கிறது' என்பதுதான் குற்றச்சாட்டு. அவை விதை பரப்புவதும் மகரந்தம் சேர்ப்பதும் கணக்கில் வரவில்லை. சிங்காரவேலன், மாரிமுத்து, பால் ரேசி ஆகியோர் 2009-இல் 'ஓரிக்ஸ்' இதழில் அந்தப் பட்டியலையே கேள்வி கேட்டார்கள். 2022 சட்டத் திருத்தத்தில் தீங்குயிரி அட்டவணையே நீக்கப்பட்டது. ஆனாலும், ஆஸ்துமாவுக்கு மருந்து என்று வௌவாலைச் சுட்டுத் தின்னும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

யார் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

இதைப் படித்துவிட்டு டார்ச் லைட்டோடு குகைக்குள் நுழைவது சரியா? கூடவே கூடாது. காரணங்கள் பல. மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி 2021-இல் புலிகள் காப்பகமானது, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதே குற்றம். முதுகெலும்புள்ள எந்த விலங்கை வைத்துச் சோதனை செய்யவும் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். காட்டு விலங்கைப் பிடிப்பதென்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். 2018-இல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால்கள். அதற்காக வௌவாலைக் கண்டு மிரளவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். கையால் தொடாமல், அது கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாமல் இருந்தால் போதும். மூன்றாவது காரணம் வௌவாலுக்கானது. பகலில் வெளிச்சம் அடித்து எழுப்பினால் அதன் ஓய்வு கெடும், குட்டியோடு இருக்கும் தாய் இடத்தையே விட்டுப் போய்விடலாம்.

குகைக்கு வெளியே, தூரத்தில் உட்கார்ந்து எண்ணுவதற்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஊருக்குள் ஆலமரத்திலோ பழைய கட்டடத்திலோ தங்கும் கூட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் வௌவால் கிளம்பும் நேரத்தையும் அன்றைய சூரிய மறைவு நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். ஜூனில் போடியில் பொழுது சாய்வதற்கும் டிசம்பரில் சாய்வதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. மேகமூட்டமான நாள், பௌர்ணமி, மழை என்று பக்கத்தில் குறிப்பு வைத்துக்கொண்டால், வெளியே கிளம்பும் நேரம் எதைப் பின்தொடர்கிறது என்பது மூன்று, நான்கு மாதங்களில் நோட்டிலேயே கோடாகத் தெரியத் தொடங்கும்.